புகை அடங்கிய பிறகு

காட்டுத்தீயை இனி ட்ரோன்களே அணைத்துவிடும் என்று சொல்லும் காணொளிகள் அடிக்கடி என் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. பேரிடர் மீட்புப் பயிற்சிகளுக்குப் பாடக்குறிப்பு எழுதுவது என் வேலையின் ஒரு பகுதி. எனக்குப் பயன்படுமே என்றுதான் நண்பர்கள் அனுப்புகிறார்கள். ஓர் எந்திரம் பறந்து வரும், தண்ணீரைப் பீய்ச்சும், தீ அடங்கும், பின்னணி இசை உச்சத்துக்குப் போகும். ஒவ்வொரு முறையும் பார்த்து முடித்ததும் மனசுக்குள் ஏதோ இடறும். ட்ரோன் மேல் எனக்கு அவநம்பிக்கை இல்லை. தீயோடு போராடுகிறவர்களுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த மிக நல்ல கருவிகளில் அதுவும் ஒன்று என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அது பறக்க வேண்டிய நேரம் அந்தக் காணொளிகளில் வருவதே இல்லை. அந்த நேரம் எது என்பது எனக்குத் தெளிவானது, சுடரோ புகையோ இல்லாத ஒரு மலைச்சரிவில். அதற்குப் போவதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. வயலுக்கு மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன் ஒன்று தூக்கக்கூடியது ஏறக்குறைய 40 லிட்டர். கனடா நாட்டுத் தயாரிப்பான சிஎல்-415 தீயணைப்பு விமானம், ஏரியின் மேற்பரப்பை உரசியபடி சென்று 12 விநாடிகளில் 6,100 லிட்டருக்கு மேல் அள்ளிக்கொண்டு எழும்பிவிடும். அந்த ஓர் அள்ளலுக்கு ஈடுகொடுக்க நூற்றைம்பது ட்ரோன்களுக்கு மேல் வேண்டும். அவ்வளவு தண்ணீரைக் கொட்டும் விமானம்கூடப் பெரிய தீயை அணைப்பதில்லை. அதன் வேகத்தைக் கொஞ்சம் தணித்து, தரையில் இருப்பவர்கள் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்லையும் புதரையும் சீவி வெறும் மண்ணாக்கிய பட்டை) வெட்டி முடிக்க அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். சுடர் 1.2 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும்வரை மண்வெட்டியும் கோடரியுமாகத் தீயின் முகப்பில் நின்று வேலை செய்யலாம். 2.4 மீட்டரைத் தாண்டிவிட்டால் புல்டோசரும் தீயணைப்பு வண்டியும்கூட முகப்பை விட்டு விலகிவிட வேண்டும் என்பது இத்தொழிலில் காலங்காலமாகச் சொல்லித்தரும் பாடம். நாற்பது லிட்டர் அங்கே ஆவியாவதைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

ஆகவே ட்ரோன் சுமந்து போக வேண்டியது கேமராவைத்தான். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. புகைத் துகள்கள் மிகச் சிறியவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவை சிதறடித்துவிடும். 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களோ பெரும்பாலும் அவற்றைக் கடந்து வந்துவிடும். அதனால்தான் எதிரே நிற்கும் ஆள் தெரியாத புகையிலும் வெப்பக் கேமராவுக்குத் தீயின் விளிம்பு துல்லியமாகத் தெரிகிறது. 2007 அக்டோபரில் தெற்குக் கலிபோர்னியா பற்றி எரிந்தபோது, நாசாவின் ‘இக்கானா’ என்ற பெரிய ஆளில்லா விமானம் அதன் மேல் பறந்து, தீயின் எல்லையைப் படமெடுத்து, கீழே திட்டமிடுகிறவர்களுக்குச் சில நிமிடங்களில் அனுப்பியது. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ரதாம் தேவாலயத்தின் கூரை எரிந்தபோது, அந்நகரத் தீயணைப்புப் படையினர் கையடக்கமான ட்ரோன்களை மேலே அனுப்பி, எந்தப் பக்கம் தீ நகர்கிறது, குழாய்களை எங்கே திருப்ப வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வேலை செய்தார்கள். இன்று சிறிய குழுக்களிடம்கூட ஒரு வெப்பக் கேமரா ட்ரோன் இருக்கிறது.

பார்க்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு யார்னெல் ஹில் தீயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2013 ஜூன் 30, அரிசோனா. கிரானைட் மவுன்டன் ஹாட்ஷாட்ஸ் என்ற தேர்ந்த காட்டுத்தீயணைப்புக் குழுவின் 19 பேர் ஒரு பள்ளத்தாக்கில் தீயில் சிக்கி இறந்தார்கள். ரேடியோவில் வந்த அவர்களின் இறுதி அழைப்புக்கு முந்தைய அரை மணி நேரத்துக்கும் மேலாக அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது மேலதிகாரிகள் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தீத்தடுப்பு ரசாயனத்தைச் சுமந்தபடி பெரிய விமானம் ஒன்று வானில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. எங்கே கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த அரை மணி நேரத்தைப் பற்றிய விசாரணை அறிக்கையைப் படித்த பிறகு பல நாட்கள் எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. 2019 மார்ச்சில் அமெரிக்கா நிறைவேற்றிய டிங்கல் சட்டம், காட்டுத்தீக் குழுக்களின் இருப்பிடத்தைக் கண்காணிக்கும் கருவிகளையும் ட்ரோன் பயன்பாட்டையும் ஒரே பிரிவின் கீழ்க் கொண்டுவந்தது. தீ எங்கே என்பதும் ஆட்கள் எங்கே என்பதும் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்ற எளிய கோரிக்கை சட்டமாவதற்கு அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் எதிர்த்திசையில் நிற்பது வேடிக்கைக்குப் பறக்கவிடும் ட்ரோன். 2025 ஜனவரி 9 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் பாலிசேட்ஸ் தீயை அணைத்துக்கொண்டிருந்த கியூபெக் மாநிலத்து சிஎல்-415 விமானம் ஒன்றின் இறக்கையில் தனியார் ஒருவருடைய சிறிய ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. தடை விதிக்கப்பட்ட வான்பகுதிக்குள் அது போயிருந்தது. அனுப்பியவரின் கண்பார்வையை விட்டே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பறந்திருந்தது. எரிந்துகொண்டிருக்கும் ஊருக்கு மேலே பறக்க வேண்டிய விமானம் பழுது பார்க்கத் தரையில் நின்றது. தீ எரியும் இடத்தில் அனுமதியில்லாத ஒரு ட்ரோன் தென்பட்டால்கூடப் போதும், ஹெலிகாப்டர்களும் விமானங்களும் விலகியாக வேண்டும். படம் பிடிக்கும் ஆசையால் விளைந்த இந்தத் தீங்கை என்னால் மன்னிக்க முடியவில்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், செய்கிறவர் தெரிந்தவராக இருந்தால் தடுங்கள்.

அடங்கிய சரிவில்

இவ்வளவும் என் பாடக்குறிப்பில் முன்பே இருந்தவை. தீ எரியும்போது மேலிருந்து ஒரு கண் என்பதுதான் அதன் மையம். ஒரு மலைச்சரிவில் பிடித்த தீ கட்டுக்குள் வந்த மறுநாள், ட்ரோன் இயக்கும் இளைஞர் ஒருவர் தம் வேலையைப் பார்க்க வரும்படி என்னை அழைத்தார். எரியும்போது அழைக்காமல் அணைந்த பிறகு அழைக்கிறாரே என்று உள்ளூர ஓர் ஏமாற்றம் இருந்தது. விடியலுக்கு முன்பே வந்துவிடச் சொன்னார். பகலில் வெயில் பட்டால் பாறையும் வெற்றுத் தரையும் சூடேறி, வெப்பக் கேமராவில் நெருப்பைப் போலவே வெண்மையாகத் தெரியும். இரவு முழுக்க ஆறிய பிறகு, சூரியன் எழுமுன் பறந்தால், சூடாக இருப்பது எதுவோ அது மட்டும் தனித்து நிற்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சரிவு கருப்பாக, அசைவில்லாமல் கிடந்தது. புகை இல்லை. கருகிய புல்லின் வாடை மட்டும் இருந்தது. என்னைக் கேட்டிருந்தால், இங்கே இனி வேலை எதுவும் இல்லை என்று சொல்லியிருப்பேன். ட்ரோன் எழும்பியது. திரையில் சரிவு முழுக்கச் சாம்பல் நிறம். பிறகு ஓர் ஓரத்தில் ஒரு வெண்புள்ளி. அதன் பக்கத்தில் இரண்டு. மேலே போகப் போகக் கூட்டம் கூட்டமாக. ஒரு பேட்டரியில் அரை மணி நேரம்தான் பறக்க முடியும். அந்த அரை மணி முடிவதற்குள் திரையில் குறித்து வைத்த புள்ளிகள் அறுபதைத் தாண்டிவிட்டன. கண்ணெதிரே கிடந்த மண்ணையும் கையிலிருந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒரே இடம் என்று நம்புவதற்குச் சிரமமாக இருந்தது. நீறு பூத்த நெருப்பு என்று ஆயிரம் முறை சொல்லியிருப்போம். ஒரு மலைச்சரிவு முழுக்க அப்படிக் கிடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

குழுவில் வயதான தீத்தடுப்புக் காவலர் ஒருவர் இருந்தார். அவர் திரையின் பக்கம் அதிகம் திரும்பவில்லை. இளைஞர் சொல்லும் இடத்துக்கு நடப்பார், குந்தி உட்காருவார், வலக்கைக் கையுறையைக் கழற்றுவார், புறங்கையைச் சாம்பலுக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்துவார். ஏன் உள்ளங்கையால் பார்ப்பதில்லை என்று கேட்டேன். புறங்கையின் தோல் மெல்லியது, சூட்டைச் சட்டென்று உணரும், சுட்டுவிட்டாலும் உள்ளங்கை பிழைத்திருந்தால் மண்வெட்டியைப் பிடிக்கலாம் என்றார். பிறகு மண்ணைக் கொத்திக் கிளறி, தண்ணீர் விட்டு, சேறாகக் குழைத்து, மறுபடியும் புறங்கையை வைப்பார். சூடு இருந்தால் மறுபடி தோண்டுவார். ஒரு சிறிய அடிமரத்துக்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது.

இளைஞர் ஒரு புள்ளியை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கப் போனார். மங்கலாகத் தெரிந்தது. அதோடு தீத்தடுப்புக் கோட்டுக்கு வெளியே, தீயே படாத பச்சைப் பகுதியில் இருந்தது. “இது பாறையாக இருக்கும், ஐயா” என்றார். பெரியவர் அந்த முறைதான் திரையை வாங்கிப் பார்த்தார். “தம்பி, இந்த நேரத்துக்குப் பாறை ஆறிப்போயிருக்கும். இதற்கு நேர்மேலே கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பட்ட மரம் விழுந்து கிடக்கிறதே, அதன் வேர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாயா?” என்று கேட்டார். மூவரும் போனோம். மேலே புல் பச்சையாக இருந்தது. அவர் புறங்கையை வைத்துவிட்டு எதுவும் பேசாமல் கொத்தத் தொடங்கினார். முழங்கை ஆழத்தில் மணிக்கட்டுப் பருமனுள்ள வேர் ஒன்று தெரிந்தது. அதன் உள்ளே தணல் ஒரு திரியைப் போலக் கனன்றுகொண்டிருந்தது. கோடு வெட்டியவர்கள் மேல்மண்ணை மட்டும் சீவியிருந்தார்கள். வேர் அறுபடாமல் அடியில் ஓடி, நெருப்பைக் கோட்டுக்கு மறுபக்கம் கொண்டுவந்து சேர்த்திருந்தது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, வெயிலும் காற்றும் சேர்ந்த ஒரு பிற்பகலில், அது அந்தப் புற்களுக்கு நடுவே தலையை நீட்டியிருக்கும். தீ எப்படி மறுபடி வந்தது என்று அப்போது யாருக்கும் புரிந்திருக்காது.

வீடு திரும்பியதும் பழைய பெருந்தீக்களின் அறிக்கைகளை மறுபடி எடுத்துப் படித்தேன். இம்முறை நான் பார்த்தது அவை தொடங்கிய விதத்தை. 1991 அக்டோபர் 19, ஒரு சனிக்கிழமை: கலிபோர்னியாவின் ஓக்லாந்து குன்றுகளில் சிறிய புல்தீ ஒன்றை அணைத்தார்கள். மறுநாள் காற்றில் அது உயிர்த்தெழுந்து 25 பேரைக் கொன்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் அடுக்ககக் குடியிருப்புகளும் அழிந்தன. 2023 ஆகஸ்ட் 8, ஹவாயின் லஹைனா: காலையில் மின்கம்பியால் பிடித்த தீ கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வீரர்கள் பல மணி நேரம் அங்கேயே நின்று, புகையோ சுடரோ இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். அவர்கள் போன ஒரு மணி நேரத்துக்குள் பிற்பகல் தீ வந்தது. காலைத் தீயின் மிச்சம்தான் மறுபடி மூண்டது என்று விசாரணை முடிவு சொன்னது. 102 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 7 அன்று மூண்டு 12 உயிர்களைக் கொண்டுபோன பாலிசேட்ஸ் தீயும் இப்படித்தான் என்கிறார்கள் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள். ஜனவரி 1 அன்று 8 ஏக்கரில் எரிந்து அணைக்கப்பட்ட ஒரு சிறு தீ, வேர்களுக்குள் ஆறு நாட்கள் கனன்று, பெருங்காற்று வந்ததும் வெளியே வந்தது என்பது அவர்கள் தரப்பு. மூன்று தீயையும் முன்பே அறிவேன். மூன்றும் ஒரே வகையில் தொடங்கியவை என்பது அந்த வேரைப் பார்க்கும்வரை என் கண்ணில் படவில்லை.

காற்றுக்கு முன்

காணொளிகளைப் பார்க்கும்போது எனக்குள் இடறியது இதுதான். சுடர் உயர எழும்போது அதைப் பார்க்க எல்லாரும் இருக்கிறார்கள். விமானம், செயற்கைக்கோள், தொலைக்காட்சி, பொதுமக்கள். அடங்கிய பிறகு பார்ப்பதற்கு யாரும் இல்லை. செயற்கைக்கோளால் அந்த நெருப்பைக் காண முடியாது. செயற்கைக்கோள்களில் இருந்து தீயைக் கண்டறியும் விஐஐஆர்எஸ் கருவியின் ஒரு படப்புள்ளி 375 மீட்டர், மோடிஸ் கருவியினுடையது ஒரு கிலோமீட்டர். மணிக்கட்டுப் பருமனுள்ள வேர் அதில் எங்கே தெரியப்போகிறது? 640-க்கு 512 புள்ளிகள் கொண்ட சாதாரண வெப்பக் கேமரா, நூறு மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் நிலத்தைப் பார்க்கிறது. இன்னும் தாழப் பறந்தால் இன்னும் நுணுக்கமாகத் தெரியும். தரையில் நடக்கும் மனிதனின் புறங்கைக்கும் வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் இதைச் செய்யக்கூடியது இந்தச் சிறிய எந்திரம் ஒன்றுதான்.

அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. வெப்பக் கேமரா மேற்பரப்பின் சூட்டைத்தான் பார்க்கும். ஆழத்தில் கனலும் வேரின் சூடு மேலே வர நேரம் பிடிக்கும். இன்று தெரியாதது நாளை மறுநாள் தெரியலாம். அடர்ந்த இலைகள் மேலே இருந்தால் கீழே இருப்பது தெரியாது. ஒருமுறை பறந்து, புள்ளி இல்லை என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது, பறக்காமலே போவதைவிட ஆபத்தானது. கருவி சொல்லிவிட்டது என்ற துணிச்சல் அதில் சேர்ந்துவிடுகிறது. காற்று இன்னொரு தடை. கையடக்க ட்ரோன்கள் பெரும்பாலும் விநாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் காற்றுவரைதான் தாங்கும். லஹைனாவில் அன்று வீசியது அதைவிட மிகப் பலமான காற்று. அந்தக் காலையில் சிறிய ட்ரோனைப் பறக்கவிட்டிருக்கவே முடியாது என்றுதான் நினைக்கிறேன். கையில் பிடித்துப் பார்க்கும் வெப்பக் கேமராவோடு ஆட்கள் நடந்திருந்தால்தான் உண்டு. ஆனால் பாலிசேட்ஸ் போன்ற தீயில் ஆறு நாட்கள் இருக்கின்றன, பெருங்காற்று வரும் என்ற முன்னறிவிப்பும் இருக்கிறது. பறக்க வேண்டிய நாட்கள் அவைதான். தீ அடங்கிய மறுநாள் ஒருமுறை, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடி, பலத்த காற்று வரும் என்ற எச்சரிக்கை வெளியானதும் கட்டாயம் ஒருமுறை.

தீக்கு முந்தைய வேலையிலும் இதே கதைதான் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெருந்தீயைத் தடுக்க, ஈரமும் காற்றும் தோதான நாள் பார்த்து வனத்தின் சருகையும் புதரையும் திட்டமிட்டு எரிப்பார்கள். அதற்கு ஹெலிகாப்டரிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் நிரப்பிய சிறு பந்துகளைப் போடுவது வழக்கம். விழும் முன் ஊசியால் கிளைக்கால் (glycol) என்ற திரவம் செலுத்தப்படும், தரைக்குப் போனதும் பந்து பற்றிக்கொள்ளும். தாழ்வாக, மெதுவாக, புகைக்கு மேல் பறக்கும் இந்த வேலையில் விமானிகளும் உடன் பறப்பவர்களும் உயிரிழந்திருக்கிறார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தினர் இதே வேலையை ட்ரோனால் செய்ய முடியும் என்று 2016-இல் ஒரு புல்வெளியில் செய்து காட்டினார்கள். இன்று பல தீயணைப்பு அமைப்புகள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆள் ஏற வேண்டிய ஆபத்தான ஓர் இருக்கையை அது காலி செய்தது. பார்ப்பதற்குப் பரபரப்பில்லாத வேலை. அதனால் அதைக் காணொளியாக யாரும் எனக்கு அனுப்பியதில்லை.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது செலவுக் கணக்கு போடுகிறவர்களின் ஒரு வாதம். ட்ரோன் வாங்கிவிட்டால் ரோந்துக்கு ஆள் குறைக்கலாம் என்கிறார்கள். அந்தச் சரிவில் நின்ற யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அரை மணி நேரத்தில் அறுபது புள்ளிகளைக் கொட்டிவிட்டு ட்ரோன் இறங்கிவிட்டது. ஒவ்வொன்றையும் தோண்டி ஆற்ற அந்தக் குழுவுக்கு அன்றைய பொழுது முழுவதும் போதவில்லை. முன்பெல்லாம் கண்ணில் படாததால் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது கண்ணில் படுகிறது, ஆகவே விட முடியாது. கருவி நல்லதாக ஆக ஆகத் தோண்டும் கைகள் கூடுதலாகத்தான் தேவைப்படும். ஒரு ட்ரோனுக்கு நிதி ஒதுக்கும்போதே, அது காட்டப்போகும் புள்ளிகளுக்கு மண்வெட்டியும் தண்ணீரும் கூலியும் சேர்த்து ஒதுக்காவிட்டால், அந்தப் பட்டியல் யாருடைய மின்னஞ்சலிலாவது திறக்கப்படாமல் கிடக்கும். புள்ளிகளின் இருப்பிடத்தைச் சரியான வரைபடமாக்கித் தரையில் இருப்பவரின் கைக்குச் சேர்ப்பதற்கென்றே ட்ரோன் குழுவில் ஒரு தனி ஆள் வேண்டும். இயக்குகிறவரே அதையும் பார்த்துக்கொள்வார் என்று விடுவது நடைமுறைக்கு ஒத்துவராது.

பாடக்குறிப்பை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். தீ அணைந்த பிறகான ரோந்து முன்பு இறுதி அரைப்பக்கத்தில் இருந்தது. அதை முதல் இயலாக்கியிருக்கிறேன். ட்ரோன் இயக்கப் பயில்கிறவர்கள், தாங்கள் குறித்த புள்ளிகளில் சிலவற்றுக்காவது தாங்களே நடந்து போய்த் தோண்ட வேண்டும் என்று ஒரு பயிற்சியைச் சேர்த்தேன். அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் அந்த வகுப்புக்கு ஆசிரியர்களாக, ஊதியத்துடன் வர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். புள்ளிப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும், புறங்கை வைத்துப் பார்த்தவர் பெயருக்கும் நேரத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். எல்லா வரியும் நிரம்பாமல் குழு கிளம்பக் கூடாது என்பது என் கருத்து. அடுத்த தீக்கு ஆள் வேண்டாமா, இப்படி ஒரே இடத்தில் கட்டிப்போட முடியுமா என்று தீயணைப்பு அதிகாரி ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. புள்ளிகளைக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பார்த்து வரிசைப்படுத்தி, கோட்டை ஒட்டியவற்றை முதல் நாளே முடிப்பது, உள்ளே இருப்பவற்றை அடுத்தடுத்த பறப்புகளில் கண்காணிப்பது என்று அவருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். கோட்டை ஒட்டி எத்தனை மீட்டர் வரை என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை. அவர் முப்பது என்கிறார். அந்த வேரின் நீளத்தை நான் பார்த்திருக்கிறேன், அறுபதுக்குக் குறைய ஒப்புக்கொள்ள மாட்டேன்.